வாழவந்திக்கு மேலே எங்கள் தேக்கு

சேலத்துக்கு மேலே மலையில் இருந்த எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேல் நான் செயலாளராக இருந்தேன். அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், கையெழுத்து நன்றாக இருக்கும், தனியாகச் சேலம் போய் வருவதற்குப் பயப்பட மாட்டாள் என்று என் தலையில் கட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பின்னால் எத்தனையோ பேருடைய முகத்தைப் பார்க்கக் கூசி நிற்க வேண்டி வந்திருக்காது.

சங்கத்தின் பணம் பிடியரிசியில் சேர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டப்பாக்கள் கோயிலுக்கு வரும். பொன்னி அரிசியும் ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் விழும். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவோம். அந்தப் பணத்தில் வருஷத்துக்கு இரண்டு எஸ்டேட் பெண்களை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினோம். மிஞ்சியது வங்கியில் கிடந்தது. அரிசி போட்டவர்களில் பாதிப் பேர் காப்பிப் பழம் பறிக்கிற கூலிக்காரப் பெண்கள். மழைக் காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். அந்த மாதங்களிலும் டப்பா வராமல் இருந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். சேலத்தில் ஃபைனான்ஸ் நடத்தும் ஒருவர் எங்கள் பணத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். வங்கி தருவதைவிட நிறைய வட்டி. அவருக்குச் சாராயக் கடை ஏலத்தில் பங்கு உண்டு என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு குடிச்சுத் தொலைச்ச காசையே எங்களுக்கு வட்டியாத் தருவாருங்களா அந்த மவராசன்?"

எல்லோரும் சிரித்தோம். வேண்டாம் என்று ஒரே பேச்சாக முடிந்தது. எங்கள் பணம் பாவத்தில் போய் விழாது என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என் கண்ணை மறைத்தது.

அடுத்த சில வருஷங்களில் மலை கண்ணெதிரே மாறிக்கொண்டு வந்தது. ஏரித் தண்ணீர் பச்சை பிடித்துப் போனது. எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நின்ற பழைய மரங்களை வெட்டி லாரி லாரியாகக் கீழே இறக்கினார்கள். மார்கழிக் குளிரில்கூட மின்விசிறி விற்கும் கடை ஒன்று வந்தது. சேலத்தில் சபைகளுக்காக நடந்த ஒரு கருத்தரங்குக்கு என்னை அனுப்பினார்கள். ஆண்டவர் படைத்த பூமியைக் காப்பதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான், காணிக்கைப் பணம் பூமியைக் கெடுக்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்று அங்கே பேசினார்கள். நான் மூன்று மணி நேரமும் குறிப்பெடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் அதே நினைவுதான். அடுத்த கூட்டத்தில் அத்தனையையும் பெண்களுக்குச் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலை நம்பித்தான், தேக்குக் கம்பெனி ஏஜெண்டு வந்தபோது நான் முன்னால் போய் நின்றேன்.

அவர் கீழே ஒரு சபையைச் சேர்ந்தவர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். அறுப்பின் பண்டிகை அன்று வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கம்பெனி தேக்கங்கன்று நட்டு இருபது வருஷம் வளர்க்கும், பணம் போடுகிறவர்களுக்கு மரத்தை எழுதிக் கொடுக்கும், மரம் முதிர்ந்ததும் போட்டதுபோல் பல மடங்கு கிடைக்கும் என்றார்.

"வங்கியில போட்டா உங்க பணம் எந்தத் தொழிலுக்குப் போகுதுன்னு தெரியாது, சிஸ்டர். இங்க போட்டா மரமா நிக்கும். ஏதேன் தோட்டத்தைக் காக்கிற வேலையில நீங்களும் பங்காளி ஆயிடுறீங்க. எப்ப வேணும்னாலும் போய்த் தொட்டுப் பாருங்க."

கருத்தரங்கில் கேட்ட எல்லாவற்றுக்கும் இதுதான் பதில் என்று நான் நினைத்துவிட்டேன். தொட்டுப் பார்க்க எங்களில் யாரும் போகவில்லை. சங்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் சந்தேகம் கேட்டார். எங்களைவிட மூத்த ஒரு விதவை, காப்பிக் காட்டில் முப்பது வருஷம் பழம் பறித்தவர். எல்லோரும் அவரை அக்கா என்போம்.

"ஏனுங்க டீச்சர், தேக்கு கீழ் நாட்டு மரமில்லீங்களா? இந்தக் குளுருக்கு அது வருமுங்களா?"

நான் அச்சடித்த தாளைத் தூக்கிக் காட்டினேன். "இதெல்லாம் ஆராய்ச்சி பண்ணின ரகம் அக்கா. அவங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க படிச்சவீங்க, சொன்னாச் செரிதானுங்க" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டதை நான் யாரிடமாவது விசாரித்திருக்கலாம். மலைக்காரர் ஒருவரை ஒண்டிக்கடை முக்கில் நிறுத்திக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும்.

பணம் போட்டோம். பத்திரங்கள் வந்தன. ஓரத்தில் பச்சை இலை வரைந்த தடித்த காகிதம். செயலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. போதகர் அதை ஆல்டர் மேசையின் மேல் வைத்து ஜெபம் செய்தார். சங்கமே போட்டதைப் பார்த்து, பதினைந்து இருபது குடும்பங்கள் தங்கள் சொந்தச் சேமிப்பையும் கொண்டுபோய்க் கொடுத்தன. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டவள் ஒருத்தி. அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்காருகிற சிநேகிதிகள். "நீ சொன்னியே, அதான் போட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இரண்டு வருஷம் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் வருஷம் கோடையில் என் வகுப்பில் ஒரு பெண் தினமும் தாமதமாக வர ஆரம்பித்தாள். வாழவந்திக்கு மேலே ஒரு மலைக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். சாமையும் ராகியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அந்த அம்மா ஈரப் பாதத்தோடு வாசலிலேயே நின்றார்.

"புள்ளைய வையாதீங்க டீச்சர். ஊத்து வத்திப் போச்சுங்க. கீழ் ஓடைக்குப் போயித் தண்ணி மோந்துட்டு வரோணும். நானொரு நடை, அவ ஒரு நடை. அதுக்கே நேரம் செரியாப் போயிருதுங்க."

"கோடையில எப்பவும் வத்துமா?"

"எங்க மாமியா காலத்துலயும் வத்துனதில்லீங்க. மேல இருந்த சோலையப் பூராவும் வெட்டிப்போட்டாங்க. ஏதோ தேக்குக் கம்பெனியாமா."

என்ன கம்பெனி என்று கேட்டேன். அவருக்குப் பெயர் தெரியவில்லை. போர்டில் பச்சை இலை போட்டிருக்கும் என்றார். அன்று மதியம் நான் பாடம் எடுக்கவில்லை. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். ஷேர் ஜீப்பில் வாழவந்தி, அங்கிருந்து நடை. மூட்டு வலியோடு அக்கா எனக்கு முன்னால் ஏறினார். மேலே போய் நின்று பார்த்தோம். சரிவு முழுவதும் அடிக்கட்டைகள். சில கட்டைகளின் மேல் நானும் அக்காவும் சேர்ந்து உட்காரலாம், அவ்வளவு அகலம். அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகத் தேக்குக் குச்சிகள். இரண்டு வருஷத்துக் கன்றுகள் என் முழங்காலுக்குக்கூட வரவில்லை. இலைகள் மஞ்சளாகி ஓரம் கருகியிருந்தன. மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போன இடங்களில் செம்மண் புண் மாதிரி தெரிந்தது. பாதையோரம் பச்சை இலை போர்டு.

என் மாணவியின் அப்பா எங்களைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். ஊற்று இருந்த இடத்தைக் காட்டினார். பாறைக்கு அடியில் ஒரு குழி, அடியில் காய்ந்த இலைகள்.

"நாவ, அத்தி, காட்டுப்பலா, எல்லாம் இங்க நின்னதுங்க. பட்டா நெலம்னு வந்து அளந்தாங்க. நாலே நாள்ல வெட்டி எறக்கிட்டாங்க. வெட்டுன மரத்தை வித்ததுலயே மொதல் வந்திருக்குமுங்க அவீங்களுக்கு."

"இந்தத் தேக்கு வருமா?" என்று அக்கா கேட்டார்.

"எங்கீங்க வரும்? இந்த ஒசரத்துல, இந்தப் பனியில? எங்களக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமுங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்னங்க, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எங்க கோயில் பணமும் இருக்குதுங்க. நான்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். குனிந்து குழியில் கிடந்த இலைகளை அள்ளி வெளியே போட்டார். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் பார்த்ததைச் சொன்னேன். சங்கத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், கம்பெனி செய்வதை மற்ற சபைகளுக்கும் எழுதலாம் என்றேன். எல்லோரும் கொதித்து எழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சாராயக்காரர் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. ஆனால் அது போடாத பணம், இது போட்ட பணம். சொந்தச் சேமிப்பைக் கொடுத்திருந்தவர்கள் முகம் வெளிறிப் போனது.

"நீ எழுதிப் போட்டு அந்தக் கம்பெனிக்குக் கெட்ட பேரு ஆச்சுன்னா எங்க பணம் என்ன ஆவும்?" என்று என் சிநேகிதி கேட்டாள். "எம் புள்ளைக்கு நீ கல்யாணம் பண்ணி வைப்பியா?"

"தண்ணியில்லாம ஒரு ஊரே கெடக்குது" என்றேன்.

"அதுக்கு நாங்க மரம் வெட்டுனமா? நீதான போடச் சொன்ன?"

போதகர் பொறுமையாக இருப்போம் என்றார். ஜெபிப்போம் என்றார். அவரும் கொஞ்சம் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசியில் சங்கத்துப் பணத்தை மட்டும் கேட்பது, யாருக்கும் எதுவும் எழுதாமல் இருப்பது என்று முடிவாயிற்று. பாதி நியாயம். நானும் அதற்குக் கை தூக்கினேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

சேலத்தில் கம்பெனி ஆபீசுக்கு நாலு தடவை போனேன். மூன்று தடவை ஏஜெண்டு வெளியூர். நாலாவது தடவை கிடைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"இருபது வருஷ ஒப்பந்தம் சிஸ்டர். நடுவுல எடுக்க முடியாது."

"நீங்க ஒரு சோலையை அழிச்சிருக்கீங்க. ஊத்து வத்திப் போச்சு."

"அது வெறும் காட்டு மரம்தான? ஒரு மரத்தை எடுத்துட்டு மூணு மரம் வைக்கிறோம். கணக்குப் பாருங்க, பூமிக்கு லாபம்தான்."

அவர் ஏமாற்றுகிறார் என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். நானும் மூன்று வருஷத்துக்கு முன் அதே நம்பிக்கையோடுதான் அக்காவிடம் காகிதத்தைக் காட்டினேன். டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கோபத்தில் கிளாஸைத் தள்ளிவிட்டு வரக்கூட என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. தேக்குக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. எங்கள் கம்பெனியின் ஆபீசில் பூட்டுத் தொங்கியது. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கோயில் வாசலில் நின்று அழுதார்கள். ஏஜெண்டு தன் சொந்த வீட்டையும் அடகு வைத்துப் போட்டிருந்தாராம். குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். என் சிநேகிதி என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் பக்கத்துக்கு அருகே கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இராப்போஜன அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் யாராவது வரும்வரை காத்திருப்பாள். அவள் மகளுக்கு இரண்டு வருஷம் தள்ளிக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தது, தபாலில். அவள் வீடு அடுத்த தெருதான்.

அந்த வருஷம் நர்ஸ் படிப்புக்குத் தேர்ந்தெடுத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் அனுப்ப முடிந்தது. அதற்கும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் கணவர் தன் பி.எஃப். பணத்தில் கடன் எடுத்துக் கொடுத்தார். "உன்னால தூங்க முடியாது, அதுக்குத்தான்" என்றார். இன்னொருத்தி பழம் பறிக்கப் போனாள். அவளை ரோட்டில் பார்த்தால் நான் கடைக்குள் புகுந்துவிடுவேன்.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு யாரும் வரச் சம்மதிக்காததால் கடிதம் அப்படியே கிடந்தது.

வாழவந்திக்குத் திரும்பப் போகலாம் என்று சொன்னது அக்காதான்.

"பணந்தான் போச்சுங்க டீச்சர். வெட்டுன எடம் அங்கயே இருக்குதில்லீங்க. சும்மா கோயில்ல உக்காந்து அழுதுட்டிருந்தா ஊத்துக்குத் தண்ணி வருமுங்களா?"

முதல் சனிக்கிழமை ஆறு பேர் போனோம். என் மாணவியின் அப்பாவும் இன்னும் சில மலைக்காரர்களும் காட்டிலிருந்து நாவல், அத்தி, பலாக் கன்றுகளைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். எங்கே நடவேண்டும், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் நிழல் வேண்டும் என்று அவர்தான் சொன்னார். நாங்கள் குழி வெட்டினோம். அந்த நிலத்தில் எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. கம்பெனி சொத்துக்களைக் கோர்ட்டு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள்; ஒரு நாள் வேலி ஓரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. ஒட்டியவர் பிறகு வரவேயில்லை. மழையில் அது கிழிந்து போனது.

மூன்று மழைக் காலம் அப்படிப் போனோம். இதில் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆறு பேர் மூன்று பேரானோம். அட்டைகள் காலைக் கடித்தன. முதல் வருஷம் வைத்ததில் பாதிக்கு மேல் காய்ந்தது. இரண்டாம் வருஷம் மாடுகள் மேய்ந்தன. பாட்டுப் பாடிக்கொண்டே குழி வெட்டலாம் என்று ஆரம்பத்தில் நினைத்தோம். மூச்சு வாங்கியதில் யாரும் பாடவில்லை. ஜெபம்கூட ஏறி முடித்த பிறகு நின்ற இடத்தில் ஒரு வரிதான். கம்பெனி வைத்த தேக்கு மட்டும் சாகாமலும் வளராமலும் அப்படியே நின்றது. பிடுங்கிப் போடலாம் என்று ஒருத்தி சொன்னாள். "இருந்துட்டுப் போகுது, அது மண்ணையாச்சும் பிடிச்சுட்டிருக்குமுங்க" என்றார் மாணவியின் அப்பா.

இதற்கிடையில் பஞ்சாயத்து அந்தக் குடியிருப்புக்கு ஆழ்குழாய் போட்டுக் கைப்பம்பு வைத்தது. தண்ணீர்க் கஷ்டம் பாதி தீர்ந்தது. நாங்கள் செய்தது எதற்கு என்று சில நாள் எனக்கே தோன்றும். என் மாணவி பத்தாவது பாஸ் பண்ணிக் கீழே போய்விட்டாள்.

கோர்ட்டு மூலமாகச் சங்கத்துக்கு ஒரு காசோலை வந்தது. போட்டதில் மிகச் சிறிய பங்கு. அதை என்ன செய்வது என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்கள். பழையபடி வங்கியிலேயே போடலாம் என்று யாரோ சொன்னார்கள். சரி என்றேன். அந்தப் பணத்தை வங்கி எந்தத் தொழிலுக்குக் கொடுக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற தகுதி போய்விட்டதா, இல்லை களைப்பா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஐப்பசியில், அக்காவும் நானும் கடைசியாக ஒரு முறை அங்கே ஏறினோம். ஊற்றுக் குழியில் தண்ணீர் இருந்தது. நல்ல மழை பெய்த வருஷம், அதனால் எங்கள் மரங்களால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. அத்திகள் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் போயிருந்தன. நாவல் அங்கொன்றும் இங்கொன்றும். மாணவியின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டுக் களியும் கீரையும் போட்டார். "நொம்பப் பசியா இருந்தமுங்க" என்று அக்கா சொன்னார்.

இறங்கி வாழவந்தி வந்தபோது மூன்று மணி ஜீப் போயிருந்தது. அடுத்தது நிறைந்து வந்தது, நிற்கவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்து மதகில் நானும் அக்காவும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கொய்யாவைக் கல்லில் தட்டிப் பிளந்து பாதியை எனக்குக் கொடுத்தார். இனி பஸ்ஸாவது வருமா என்று கேட்டேன். "வந்தா ஏறுவமுங்க, வராட்டி நடப்பமுங்க" என்றார்.